வயிற்றில் மரம் முளைக்கும் என்று பயமுறுத்தும் பெற்றோருக்கு



'விதை பரவும் முறைகள்' என்று பள்ளிக்கூடத்தில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறது. அம்மா செல்போனில் படம் தேடுகிறார். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு இந்நேரத்துக்குக் கலர் பிரிண்ட் எடுக்க எந்தக் கடை திறந்திருக்கும் என்று அலைகிறார். அந்தச் சார்ட்டில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். காற்றில் பறப்பதற்கு டேன்டிலியன், இறக்கை வைத்த விதைக்கு மேப்பிள், பிராணிகள் சுமந்து போவதற்கு ஓக் கொட்டையைக் கட்டிப் பிடித்திருக்கும் அமெரிக்க அணில். நம் சமவெளியில் விளக்கு வைத்துத் தேடினாலும் இந்த மூன்றும் கிடைக்காது. மறுநாள் காலை அந்தச் சார்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை வேனுக்காக நிற்கிறதே, அதன் முதுகுக்குப் பின்னால் காலி மனையில் எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்க ஓடினால், "யூனிஃபார்ம் அழுக்காயிடும், வா இங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறோம்.

சார்ட்டுக்கு முழு மதிப்பெண் வரும். வாங்கியது நீங்கள்.

எருக்கங்காயை ஒரு நாளாவது பிள்ளையின் முன்னால் பிளந்து காட்டியிருக்கிறீர்களா? முற்றி, ஓரத்தில் லேசாகக் கீறல் விட்ட காயாகப் பாருங்கள். பால் கண்ணில் பட்டால் பெரிய உபத்திரவம். ஆகவே பிளப்பது உங்கள் வேலை, பார்ப்பது பிள்ளையின் வேலை; வேலை முடிந்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். உள்ளே தட்டையான பழுப்பு விதைகள் ஒன்றின்மேல் ஒன்று பாதி படிந்து, வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு விதையின் நுனியிலும் வெள்ளி நிறத்தில் ஒரு கற்றை இழை. காய்க்குள் இருக்கும்வரை அந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து கிடக்கும். வெயிலும் காற்றும் பட்டதும் நாலா பக்கமும் விரிந்துகொள்ளும். விரிந்த பிறகு அத்தனையையும் திரும்ப அந்தக் காய்க்குள் அடைத்து வை பார்க்கலாம் என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் போவதே தெரியாது.

இதற்கு முந்தைய கதை பூவில் இருக்கிறது. எருக்கம்பூவில் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. சின்னஞ்சிறு பொட்டலங்களாக, இரண்டிரண்டாகப் பிணைந்து இருக்கும். பழைய வீட்டு உத்தரத்தில் ஓட்டை போடுமே அந்தப் பெரிய கருவண்டு (வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ வகை), தேனுக்கு வந்து காலை ஊன்றும்போது பொட்டலம் அதன் காலில் மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் சரியான பிளவுக்குள் அது போய்ச் சேர வேண்டும். கொத்துக் கொத்தாகப் பூத்தும் ஒன்றிரண்டு காய்தான் நிற்பதற்கு இது ஒரு காரணம். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கமாலை வாங்குகிறோம், சிலைக்குப் போடுகிறோம், மூன்றாம் நாள் குப்பையில் சேர்க்கிறோம். நடுவில் ஒரு பூவைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் காட்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வெளியே போக நேரமில்லை என்பீர்கள். சரி, அடுப்படிக்கு வாருங்கள்.

ஒரு பச்சரிசி மணியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் ஓரமாகச் சின்னப் பள்ளம் இருக்கும். முளை இருந்த இடம் அது. ஆலையில் தீட்டியபோது தவிட்டோடு அதுவும் போய்விட்டது. நெல்லைப் போட்டால் முளைக்கும், அரிசியைப் போட்டால் முளைக்காது; காரணம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. தாய்ப்பயிர் தன் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றைத்தான் நாம் தினமும் வடித்துச் சாப்பிடுகிறோம். நெல்லுக்குப் பூ உண்டு என்பதாவது உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? முற்பகலில் கொஞ்ச நேரம் உமி வாய் திறக்கும், மகரந்தப் பை வெளியே தொங்கும், பிறகு மூடிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். விவசாயி ஏன் வானத்தைப் பார்க்கிறார் என்று கேட்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லலாமே.

கடற்கரைக்குப் போனால் மக்காச்சோளக் கதிர் வாங்கித் தருகிறோம். மேலே இருக்கும் நாரைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் தருகிறார்கள். அடுத்த முறை உரிக்காத கதிராக ஒன்றை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். மடலை மெதுவாக விலக்கி, ஒரே ஒரு நாரைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறது என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். ஒரு மணியில் போய் நிற்கும். ஒரு மணிக்கு ஒரு நார். பயிரின் உச்சியில் இருக்கும் ஆண்பூவிலிருந்து காற்றில் வரும் மகரந்தம் நாரின் நுனியில் விழுந்து, அங்கிருந்து நாரின் நீளம் முழுக்க உள்ளே இறங்கி வந்தால்தான் அந்த மணி உண்டாகும். கதிரில் அங்கங்கே பொக்கையாக இருக்கிறதே, அந்த நார்களுக்கு மகரந்தம் வந்து சேரவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை இனி எந்தச் சோளக்கதிரையும் சும்மா தின்னாது. பொக்கையை எண்ணிவிட்டுத்தான் தின்னும். தொல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலாப்பழத்தில் ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. சுளைக்கு நடுவே நாம் பிய்த்தெறியும் சடை, காய்க்காமல் போன பூக்கள். வாழைப்பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் கறுப்பாகத் தெரியும் புள்ளிகள், விதையாக முடியாமல் நின்றுபோன சூல்கள். காட்டு வாழையில் அவை பல்லை உடைக்கும் கொட்டைகளாக இருக்கும். நாம் தின்னும் வாழை பக்கக்கன்று வைத்தே வளர்வது, அதற்கு விதை வேண்டாம்.

கரும்புக்கு விதை கிடையாது, கரணை நட்டால்தான் வரும் என்று மட்டும் பொங்கலன்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். கரும்பு பூக்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் விதையும் பிடிக்கும். கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் அது நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது என்பதால்தான் 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. அங்கே இருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்து, அந்த விதையை முளைக்க வைத்து எடுத்த 'கோ 205' ரகம் 1918-இல் வெளிவந்தது. பெயரில் இருக்கும் 'கோ' கோயம்புத்தூர்தான். நம் ஊரில் நடந்த விஷயம், நம் பாடப்புத்தகத்தில் ஒரு மூலையில்கூட நம் கண்ணில் பட்டதில்லை.

தேங்காய் உடைப்பதற்கு முன் குடுமியைப் பிய்த்து மூன்று கண்ணையும் காட்டுங்கள். ஊசியால் குத்திப் பார்த்தால் ஒன்று மட்டும் இளகியிருக்கும். முளை அதன் வழியாகத்தான் வரும். இப்போது சாலையோரமெல்லாம் 'தேங்காய்ப்பூ' என்று விற்கிறார்கள், நாமும் உடம்புக்கு நல்லது என்று வாங்குகிறோம். அது பூ இல்லை. முளைவிட்ட தென்னங்கன்று, தேங்காய்ப் பருப்பைக் கரைத்து உறிஞ்சிக்கொள்வதற்காக ஓட்டுக்குள் வளர்த்த உறுப்பு. தெற்கத்திப் பிள்ளைகள் பனங்கொட்டையை வெட்டித் தின்னும் தவுனும் அதேதான். உரிமட்டை எதற்கு என்று கேட்டால், கயிறு திரிக்க என்று பதில் சொல்லாதீர்கள். வாளித் தண்ணீரில் உரிக்காத தேங்காயைப் போட்டுக் காட்டுங்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேப்பமரத்தை வெட்ட வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். பழம் விழுந்து கார் அழுக்காகிறது, மைனா எச்சம் போடுகிறது, குழந்தைகள் வழுக்கி விழுகிறார்கள். இதுதான் குற்றப்பத்திரிகை. கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். அதே பிள்ளைகளுக்குப் பரீட்சையில் 'பறவைகள் மூலம் விதை பரவுதல்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும், இவர்கள் உட்காரவைத்து மனப்பாடம் செய்விப்பார்கள். மரம் எப்படியோ தப்பியது, கிளைகளைக் கழித்துவிட்டார்கள்.

ஆனி, ஆடியில் வேம்பு பழுக்கிறது. மைனாவும் காக்கையும் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை வேறெங்கோ போய்ப் போடுகின்றன. ராத்திரி வௌவால் வந்து பழத்தைத் தூக்கிக்கொண்டு போய், தான் தொங்கும் மரத்தில் வைத்துச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போடுகிறது. அதனால்தான் வேம்பே இல்லாத இடத்தில், வேறொரு மரத்தடியில், வேப்பங்கொட்டை குவிந்து கிடக்கிறது. கரண்டுக் கம்பிக்குக் கீழே வேலியோரமாக வேப்பங்கன்றுகள் ஒரு கோட்டில் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் கயிறு பிடித்து நடவில்லை. மேலே பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளையே சொல்லிவிடும். வேப்பங்கொட்டைக்கு உயிர் வெகுநாள் தங்காது, பழம் விழுந்த சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் குறையத் தொடங்கிவிடும். பேரீச்சங்கொட்டையோ வேறு ஜாதி. இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய கொட்டை ஒன்று 2005-இல் முளைத்து மரமானது.

கொட்டையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று பிள்ளையைப் பயமுறுத்துகிறோமே, அதை முதலில் நிறுத்துங்கள். புளுகு என்பதற்காகச் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் புளுகாத வீடு எது? உண்மை இதைவிட ருசியாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். கோயில் கோபுரத்தின் இடுக்கிலும், மாடி வீட்டுத் தண்ணீர்க் குழாயின் விரிசலிலும், பனைமட்டையின் கக்கத்திலும் ஆலும் அரசும் முளைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு பறவையின் வயிற்றுக்குள் போய் வந்தவை. சீமைக் கருவேலத்தின் காய் இனிப்பு. ஆடு விரும்பித் தின்னும். விதை செரிக்காது. ஆட்டின் குடலில் ஊறித் தோல் இளகி, புழுக்கையோடு வெளியே வந்து, எரு சகிதம் முளைத்துக்கொள்ளும். 1870-களில் அயல்நாட்டிலிருந்து விதை தருவித்து மதராஸ் மாகாணத்தில் நட்ட மரம் அது. இன்றைக்கு ராமநாதபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். மனிதன் நட்டது கொஞ்சம், ஆடு நட்டது மிச்சம்.

ஆல், அரசு, அத்தி இவை பூப்பதே இல்லை என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழம் என்று நாம் சொல்வதன் உட்சுவர் முழுக்கப் பூக்கள்தான். பழத்தின் நுனியில் இருக்கும் ஊசித்துளை வழியாக, கொசுவைவிடச் சிறிய பெண் குளவி ஒன்று, இறக்கை பிய்ந்தாலும் போகட்டும் என்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அது கொண்டுவந்த மகரந்தத்தால் சில பூக்களில் விதை பிடிக்கும், சில பூக்களில் அது முட்டையிடும். அங்கேயே செத்தும் போகும். அடுத்த தலைமுறையில் ஆண் குளவிகள் சுவரில் வழி குடைந்து கொடுக்க, பெண் குளவிகள் மகரந்தத்தோடு வெளியே பறக்கும். குடைந்த ஆண்களுக்கு வெளியுலகமே கிடையாது. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு இன்னொரு குளவி. தனக்குரிய குளவி இல்லாத நாட்டில் நட்ட ஆலமரம் விதை பிடிப்பதில்லை. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்து, உள்ளே நெளிகிறது என்று முகம் சுளித்துத் தூக்கிப்போடுகிறோம். எறிவதற்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கலாம். வீடியோ கேமின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இப்போது நாம் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். "பூவுல ஆம்பளப் பூ, பொம்பளப் பூன்னு ஏன்மா இருக்கு?" பிள்ளை இப்படிக் கேட்டதும் வீட்டில் ஒரு அமைதி விழும். அப்பாவுக்குத் திடீரென்று போன் வரும். அம்மா, "டீச்சர்கிட்ட கேளு" என்பார். டீச்சர், "அடுத்த வருஷப் பாடத்துல வரும்" என்பார். அடுத்த வருஷம் மகரந்தச் சேர்க்கை, சூலகம், கருவுறுதல் என்று பிள்ளை நெட்டுரு போட்டுவிடும், கேள்வி எங்கோ போயிருக்கும். பூவைப் பற்றிப் பேசவே கூசுகிற நாம், பத்துப் பன்னிரண்டு வயதில் அதே பிள்ளை தன் உடம்பைப் பற்றிக் கேட்கும்போது என்ன சொல்லிக் கிழிக்கப் போகிறோம்? கூச்சப்படாமல் தொடங்குவதற்குப் பரங்கிக்கொடியைவிடத் தோதான இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலையில் கொடியடிக்குப் போங்கள், மத்தியானத்துக்குள் பூ கூம்பிவிடும். ஆண்பூ நீளமான, ஒல்லிக் காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியில், பூ மலரும் முன்பே, குட்டிக் காய் ஒன்று உட்கார்ந்திருக்கும். தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால் அந்தப் பிஞ்சு பருக்கும், இல்லாவிட்டால் பழுத்து உதிர்ந்துவிடும். மாடித் தோட்டத்தில் பிஞ்செல்லாம் உதிர்கிறதே என்று உரம் உரமாகக் கொட்டுபவர்கள், பூவுக்குத் தேனீ வருகிறதா என்று ஒரு காலை உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். வராவிட்டால், ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். இதைப் பிள்ளையின் கையால் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பூவைத் தொட்டோம் என்று அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டச் சொல்லுங்கள். தான் தொட்ட பூ காயாகப் பருக்கிறதைப் பார்த்த பிள்ளைக்குக் 'கருவுறுதல்' என்ற சொல்லுக்கு உரை தேவைப்படாது. மார்கழிக் கோலத்துக்குப் பூ பறிக்கும்போது காய்க்கிற பூவை விட்டுவிடு, காம்பு நீண்ட பூவைப் பறி என்று சொல்லும் பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், தாவரவியல் வகுப்பு அவர் பொறுப்பு.

பப்பாளியில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்மரத்தில் பூ நீளக் காம்புகளில் தொங்கும், பெண்மரத்தில் தண்டோடு ஒட்டிப் பூக்கும். இரண்டும் சேர்ந்த பூ உள்ள மரமும் உண்டு. பனையில் ஆண் அலகுப்பனை, பெண் பருவப்பனை. நட்டுப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பாளை விடும்வரை எது எதுவென்று மரமேறிக்குக்கூடத் தெரியாது. நுங்கு தின்னும்போது, இது பெண்மரத்தின் முற்றாத விதை, எங்கிருந்தோ ஓர் அலகுப்பனையின் மகரந்தம் வந்து சேர்ந்ததால்தான் இது உண்டாயிற்று என்று ஒரு வாக்கியம் சொன்னால் குடி முழுகிப் போகாது.

பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறுவனைச் சொல்கிறேன். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு, 1841. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வனிலாக் கொடி அங்கே செழிப்பாக வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் தாய்நாட்டுப் பூச்சி தீவில் இல்லை. ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருந்தும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு. பூ மலர்ந்திருப்பதோ ஒரே நாள். தோட்ட முதலாளி பெல்லியே-போமோன் தன்னிடம் அடிமையாக இருந்த எட்மோன் என்ற பன்னிரண்டு வயதுப் பையனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். தர்ப்பூசணியின் ஆண்பூவையும் பெண்பூவையும் சேர்த்துக் காய் பிடிக்கவைப்பது எப்படி என்று ஒரு நாள் காட்டிக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான். பையன் தானாக வனிலாப் பூவை ஆராய்ந்து, மூங்கில் குச்சியால் அந்தத் தடுப்பை நிமிர்த்தி, கட்டை விரலால் மகரந்தத்தை அழுத்திவிட்டான். காய் பிடித்தது. உலகத்தின் பெரும்பகுதி வனிலா இன்றும் அந்த முறையில்தான் பூப் பூவாகக் கையால் சேர்க்கப்படுகிறது, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகள் உட்பட. எட்மோன் ஆல்பியுஸ் 1848-இல் விடுதலையானார், 1880-இல் வறுமையில் செத்தார். உலகம் அவருக்குச் செய்த கைம்மாறு அது. அது தனிக் கதை. நான் சொல்ல வருவது, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பையனுக்குப் பெரியவர் ஒருவர் தர்ப்பூசணிப் பூவைக் காட்டியதைப் பற்றி. நாம் காட்டுவதில்லை.

இதைவிட மோசம், பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்போது அதையும் தடுப்பது. வேலியோரத்தில் ஊதாப்பூப் பூக்கும் பட்டாசுக்காய்ச் செடி உங்களுக்கு மறந்திருக்காது. காய்ந்த காயை எச்சில் தொட்டுக் கையில் வைத்துக்கொண்டு எப்போது வெடிக்கும் என்று காத்திருந்த தலைமுறை நாம். இப்போது பிள்ளை அதை எடுத்தால், "சீ, வாயில வைக்காதே" என்கிறோம். சரி, எச்சில் வேண்டாம், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொடுங்கள். ஒரு காயை நனைக்கட்டும், ஒரு காயை நனைக்காமல் பக்கத்தில் வைக்கட்டும். நனைந்தது படீரென்று பிளந்து விதையை வீசும். அந்த விதையைத் தண்ணீரில் போட்டு உற்றுப் பார்த்தால் சுற்றிலும் வழவழவென்று ஒரு பசை ஊறி நிற்கும். மழை வந்தால்தான் வெடிப்பேன், விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்வேன் என்று அது சொல்வது பிள்ளைக்குப் புரியும்.

நாயுருவி புடவையில் ஒட்டுவதும் நெருஞ்சி செருப்பில் ஏறுவதும் எல்லோருக்கும் தெரிந்தது. நெருஞ்சி முள்ளைப் பிடுங்கி எங்கே எறிகிறீர்கள்? எறிந்த இடத்தில் அதை விதைத்துவிட்டீர்கள். பார்த்தீனியம் 1950-களில் வெளிநாட்டுக் கோதுமையோடு கலந்து வந்ததாகச் சொல்வார்கள். யாரும் நட வேண்டும் என்று நினைத்ததில்லை, இன்று ரயில் பாதை நெடுகிலும் நிற்கிறது. லாரி டயரும் நம் செருப்பும் இப்போது காற்று, நீர், பறவைகளின் வரிசையில் சேர்ந்துவிட்டன. சார்ட்டில் இந்தப் படத்தை ஒட்டிய பெற்றோரை நான் பார்க்கவில்லை. பிச்சாவரத்துக்குப் படகில் போகிறவர்களையும் சொல்ல வேண்டும். சுரபுன்னை மரத்தில் விதை மரத்திலேயே முளைத்து, பச்சைக் குச்சிகளாகத் தலைக்கு மேல் தொங்கும். முதிர்ந்ததும் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் வேறிடம் சேரும். அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறோம், மேலே பார்ப்பதில்லை.

விதைப்பந்துத் திருவிழாக்களைப் பற்றி நான் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஜப்பானிய விவசாயி ஃபுகுவோகா, எறும்பும் பறவையும் விதையைத் தின்றுவிடாமல் இருக்கக் களிமண் உருண்டை செய்தார். அவருக்குத் தன் மண்ணும் தெரியும், பருவமும் தெரியும். நாம் பஸ் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கடும் வெயிலில், பொட்டல் காட்டில் உருண்டையை வீசச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். எந்த விதை, எத்தனை நாள் பழசு, முளைத்ததா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. வீசிய பிள்ளைக்கு விதையைப் பற்றி ஒன்றும் தெரியாது, கை வலித்தது மட்டும் தெரியும்.

பயம் ஒன்று நியாயமானது, அதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா விதையும் பிள்ளை கைக்கு ஆனதல்ல. குன்றிமணி, ஆமணக்கு, மஞ்சள் அரளி, ஊமத்தை இவற்றின் விதைகள் நஞ்சு. மென்று தின்றால் உயிருக்கே ஆபத்து. இவற்றை ஒளித்துவைத்துப் பயனில்லை. தெருவில் கிடப்பவைதானே? பெயர் சொல்லி, அடையாளம் காட்டி, வாயில் வைக்கக்கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். செடியைத் தெரிந்த பிள்ளைதான் விலகி நிற்கும். எருக்கையும் அரளியையும் அடையாளம் தெரியாமல் வளரும் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செடியை, பூவிலிருந்து விதைவரை, பிள்ளை தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று போதும். எனக்குப் பிடித்தது நிலக்கடலை. பழைய சாக்கில் மணலும் செம்மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, வெயில் படும் பால்கனியில் வைத்து நாலு பருப்பு ஊன்றினால் முளைக்கும். ஒரு மாதம் ஆகும்போது மஞ்சள் பூ வரும். பூ வாடிய இடத்திலிருந்து ஒரு விழுது புறப்பட்டுக் கீழ்நோக்கி வரும். அதன் நுனியில்தான் விதையாகப் போவது இருக்கிறது. தானே அதைக் கொண்டுபோய் மண்ணுக்குள் சொருகிக்கொள்ளும். கடலைக் காடுகளில் இந்தச் சமயத்தில்தான் ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். இறங்கிவரும் ஒரு விழுதுக்கு அடியில் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பிள்ளையை வைக்கச் சொல்லுங்கள். மண் கிடைக்காத அந்த விழுது காய் பிடிக்காமல் காய்ந்துபோகும், பக்கத்து விழுது மண்ணுக்குள் கடலையாகும். சுமார் நூறு நூற்றைந்து நாளில் பிடுங்கிப் பார்க்கலாம். நடுவில் பிள்ளை ரெண்டு தரம் தோண்டிப் பார்க்கும், திட்டாதீர்கள்.

விதைக்கு வாங்கும்போது தோல் உரிக்காத பச்சைக் கடலையாகக் கேட்டு வாங்குங்கள். வறுத்தது முளைக்காது.